அலமாரிக்குள் பாடியது

ஜனவரி 9

பொந்தில் வாழும் என் மகாராஜாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

டிசம்பரில் வருகிறேன் என்றாய். நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். பட்டறையில் கெஞ்சி விடுப்பு வாங்கி, ஜன்னல் திரையெல்லாம் துவைத்து, கட்டிலை வெளிச்சம் படுகிற பக்கம் நகர்த்திப் போட்டு, ஆர்ப்பாட்டமாகக் காத்திருந்தேன். வர முடியவில்லை என்று மூன்று வரியில் தகவல் வந்தது. அதிலும் ஒரு வரி யாரோ ஒருவனின் டிரம்ஸ் பற்றி.

எங்கள் பல் பட்டறையின் மேற்பார்வை அம்மாள் முதலில் தினமும் கேட்டார்கள்: "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?" அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்காமல் ஒரு பார்வை பார்க்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. பல் போனவர்களுக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவள் நான், விடுப்பு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பனி கொட்டியது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். மாட்டேன். போனில் நீ என் பேச்சைக் கேட்பதே இல்லை, எனக்குப் பின்னால் ஓடுகிற ஃபிரிட்ஜைக் கேட்கிறாய். போன தடவை நான் அழுதுகொண்டிருக்கிறேன், "அங்க குழாய் சொட்டுதா?" என்று கேட்ட மனுஷன் நீ. காகிதத்துக்குச் சத்தமில்லை. இதிலாவது நான் சொல்வது மட்டும் உன் காதில் விழட்டும்.

சொல்வது ஒன்றுதான். நம் இசைத்தட்டுகளை நம்பினால் அடுப்பெரியாது என்று இருவரும் பேசித்தான் நான் இந்தக் குளிர்நாட்டுக்குக் கிளம்பி வந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. இப்போது வேலை நிரந்தரமாகிவிட்டது, குளிர்காலங்களும் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. நீ இல்லாமல் இன்னொன்றைத் தள்ள என்னால் ஆகாது. ஒரு தடவை வா. வந்து நான் இருக்கிற அறையைப் பார், போதும்.

உன்
பல்லுக்காரி


ஜனவரி 28

என் பல்லுக்காரிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டேன். குழாய் விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

டிசம்பரில் என்ன ஆயிற்று தெரியுமா? மேலே சலவைக்கடை அம்மா, தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் போய்விட்டார். ஒரு வாரம்! இந்த நிலவறைப் பொந்தில் ஒலிப்பதிவு தொடங்கிய நாளிலிருந்து என் தலைக்கு மேல் மெஷின் ஓடாத ஒரு முழு நாளை நான் பார்த்ததில்லை. உனக்குத் தெரியாததா? துணி பிழிகிற மெஷின் நிற்கிற இடைவெளியில்தான் நம் பாட்டெல்லாம் பதிவானது. கிதாரைச் சுருதி கூட்டி முடிப்பதற்குள் மேலே அடுத்த மூட்டை உள்ளே போய்விடும். அதனால்தானே நம்மிடம் நீளமான பாட்டே கிடையாது! ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் தடதடவென்று ஒன்று வரும். வானொலியில் ஒருவர் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்: "நகரத்தின் இதயத்துடிப்போடு பாடலை முடிப்பது இந்தத் தயாரிப்பாளரின் முத்திரை." அது பக்கத்து லாட்ஜின் படுக்கை விரிப்பு என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அப்படிப்பட்ட எனக்கு ஒரு வாரம் அமைதி கிடைத்தால் எப்படிக் கிளம்புவேன், நீயே சொல். 'முக்காலி' என்று ஒரு குழு வந்திருக்கிறது. மூன்று பேர். ஒருவர் போக்குவரத்து அலுவலகத்தில் குமாஸ்தா, ஒருவர் தையல்காரர், மூன்றாமவருக்கு மாமனாரிடம் திட்டு வாங்குவது முழுநேர வேலை. இவர்கள் பாட்டை எந்தக் கடையும் வைக்காது, எந்த வானொலியும் பாதிக்கு மேல் போடாது. ஆனால் கேட்டதும் என் கையில் முடி நின்றது. வழக்கம்போல அரங்குகளின் பின்வாசலில், கைக்குக் கை கொடுத்துத்தான் விற்போம். உறையில் யார் பெயரும் இருக்காது.

நம் முதல் தட்டு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் நீ குனிந்து நின்று பாடினாயே, அது. போன மாதம் பெரிய கம்பெனி ஆள் ஒருவர் படியிறங்கி வந்து உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே முதல் கேள்வி, "அதுல பாடினவங்க யாரு?" என்றார். "யாரோ" என்றேன். "இன்னும் பாடுறாங்களா?" என்றார். அவர் போனபிறகு வெகுநேரம் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முக்காலித் தட்டில் ஒரு பாட்டு மிச்சம். கடைசிப் பேருந்து போன பிறகும் நிறுத்தத்தை விட்டு நகராத ஒருத்தி பாடுவது. வரிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். வாத்தியமெல்லாம் முடிந்தது. நடுவில் உன் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். தையல்காரரின் அக்கா வந்து பாடிப் பார்த்தார். குறை சொல்ல முடியாத குரல். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். நீ பாடித் தருவாயா?

உன்
பொந்துக்காரன்


பிப்ரவரி 17

அடேயப்பா,

வா என்று எழுதினால் பாடு என்று பதில் வருகிறது. உன்னைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு சலவை மெஷினைக் கட்டிக்கொண்டிருந்தால் அது நடுவில் நின்றாவது என்னைப் பார்த்திருக்கும்.

நான் பாடி எத்தனை காலமாயிற்று! நாள் முழுக்கப் பல் அச்சு வார்க்கிற மாவுத் தூசி தொண்டையில். யாருடைய பல்வரிசையையோ கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே எதையாவது முணுமுணுப்பேன். அது சிரித்துக்கொண்டே கேட்கும். அவ்வளவுதான் என் கச்சேரி.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். நீ என்னைக் கூப்பிடுகிறாயா, என் குரலைக் கூப்பிடுகிறாயா? குரல்தான் வேண்டுமென்றால் பழைய தட்டில் இருக்கிறது, தேயத் தேயப் போட்டுக் கேள். எனக்கு என் புருஷன் வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கிறது.

சரி. கோபத்தில் எழுதியதைக் கிழிக்காமல் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ அனுப்பிய வரிகளைப் படித்தேன். அந்தப் பேருந்து நிறுத்தத்துக்காரியை எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். பாடுகிறேன்.

ஆனால் சும்மா இல்லை. நான் பாடி அனுப்பினால், அந்தத் தட்டை முடித்த கையோடு நீ கிளம்பி வர வேண்டும். அடுத்த குழு, அடுத்த கல்யாணம், எந்தக் கதையும் கூடாது. சம்மதமென்றால் எப்படிப் பதிவு செய்வது என்று எழுது.

உன்
பல்லுக்காரி


மார்ச் 6

என் கண்ணே,

சம்மதம், சம்மதம், சம்மதம். பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைத்திருக்கிறேன், நாளெல்லாம் கண்ணில் படட்டும் என்று. மாமனார் திட்டுக்காரர் அதில் டீ டம்ளரை வைக்கப் போனார். போட்ட சத்தத்தில் மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

குமாஸ்தாவின் மைத்துனர் உன் ஊர்ப்பக்கம் வருகிறார். அவரிடம் சின்ன ரெக்கார்டர் கொடுத்தனுப்புகிறேன். காதில் மாட்டிக்கொள்ள வாத்தியப் பதிவும் அதிலேயே இருக்கிறது. இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள்.

ஹீட்டரை அணை. அதன் ரீங்காரம் உனக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். ஃபிரிட்ஜையும் அணை. அறை நடுவில் நின்று பாடாதே, சுவர் உன் குரலைத் திருப்பியடிக்கும். துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள். அதற்குள் சத்தம் அடங்கும். சிரிக்காதே, பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். ஒரே தடவை பாடு. சரியில்லை என்று மறுபடி பாடி அனுப்பினால் நான் கேட்க மாட்டேன். நீ திருத்திக்கொண்ட குரல் எனக்கு வேண்டாம், முதலில் வந்ததுதான் வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். உன்னையா குரலையா என்றால், எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதுதான் என் கோளாறு போலிருக்கிறது. நான் நினைப்பதெல்லாம் நீ பாடி முடித்தபின் ஒரு மூச்சு விடுவாயே, தோள் இறங்கும், அதைத்தான். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உன்
பொந்துக்காரன்


மார்ச் 30

கேட்டுக்கொள்,

மெமரி கார்டு இந்த உறைக்குள், பஞ்சில் சுற்றி.

நீ சொன்னபடியே செய்தேன். ஹீட்டரை அணைத்ததும் வீடு ஐஸ் பெட்டியாகிவிட்டது. என்னுடைய ஒரே கோட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அலமாரிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழ் வீட்டுக்காரி பார்த்திருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பாள். ஒரே தடவைதான் பாடினேன். மூன்றாவது வரிக்கு முன்னால் மூச்சு கொஞ்சம் பிசகியது, மன்னித்துக்கொள். பாட்டு முடிகிறவரை அழவில்லை. முடிந்த பிறகு அழுதேன், அது கார்டில் இல்லை. அணைத்துவிட்டுத்தான் அழுதேன்.

இருட்டில் உட்கார்ந்து பாடும்போது நீ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைத் தூக்கி நிற்கிற மாதிரியே இருந்தது. சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் மறைத்து என்ன.

என் பங்கு முடிந்தது. வா.

பல்லுக்காரி


ஏப்ரல் 19

அன்புள்ளவளுக்கு,

முதலில் வேலை. பாட்டு அபாரம். எதையும் தொடவில்லை, இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முக்காலி மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவர்கள்.

அடுத்ததைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் இருப்பது நாலு பருத்திச் சட்டையும் பட்டறை உடுப்பும். நீயே எத்தனையோ முறை எழுதியிருக்கிறாய். அந்த மாதிரிக் காலி அலமாரிக்குள் பாடினால் குரல் பலகையில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். வரட்டும், சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உன் குரல் திரும்பவே இல்லை. தலையணையில் முகம் புதைத்த மாதிரி அடங்கிவிடுகிறது. உள்ளே கனத்த கம்பளி தொங்குகிறது. ஒன்றல்ல, நெருக்கமாகப் பல. உன் ஒரே கோட்டு உன் மேலேயே இருக்கிறது, கை அசையும்போது அது உரசுவது தனியாகக் கேட்கிறது. மூன்றாவது வரிக்கு முன் நீ மூச்சிழுக்கும்போது தோள் எதிலோ பட்டு, பெரிய பொத்தான் ஒன்று பலகையில் 'டொக்' என்று இடித்தது. கனமான, நீளமான ஆண்பிள்ளைக் கோட்டு. இதையெல்லாம் கேட்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. வேறு எதுவும் படிக்கத் தெரியாதவனுக்கு இது மட்டும் தானாகக் காதில் விழுந்து தொலைக்கிறது.

யார் என்று கேட்க மாட்டேன். இத்தனை வருடம் வராதவனுக்குக் கேட்க வாயேது? உன் மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை. அந்த மனிதர் உன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்கு என் வணக்கம். பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நான் வந்து நின்று உனக்குத் தர்மசங்கடம் வேண்டாம்.

தட்டு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. உனக்கு ஒன்று அனுப்புகிறேன்.

நீ நன்றாக இரு.

பொந்துக்காரன்


மே 8

மகா ஞானிக்கு,

உன் காது சரி. கம்பளி சரி, நெருக்கம் சரி, பொத்தான் சரி, ஆண்பிள்ளைக் கோட்டு என்பதும் நூற்றுக்கு நூறு சரி. அத்தனையும் உன்னுடையது.

இங்கே குளிர் முடிகிற சமயம் கடைகளில் கோட்டுகளைத் தள்ளுபடியில் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும், அடுத்த குளிருக்கு வந்துவிடுவான், வந்து இறங்குகிற அன்றைக்கு என் மனுஷன் நடுங்கக் கூடாது என்று ஒன்று வாங்குவேன். பட்டறை டிரைவர் உன் உயரம், உன் அகலம். அவரை வருஷா வருஷம் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் மாட்டிப் பார்ப்பேன். "இந்த வருஷமாவது வருவாராம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுவார் பாவம். முதலில் வாங்கியது கறுப்பு. கடைசியாக வாங்கியது பழுப்பு. உனக்குப் பழுப்பு எடுக்காது என்று தெரிந்தேதான் வாங்கினேன், வேறு நிறம் தீர்ந்துவிட்டிருந்தது.

ஒன்றுதான் இருக்கிறதே, மேலே மேலே எதற்கு என்று கேட்பாய். ஒரு வருஷம் வாங்காமல் விட்டால், நீ வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குப் பயந்துதான் வாங்கினேன். என் துணியெல்லாம் நாற்காலியில் கிடக்கிறது. அலமாரி உனக்கு.

நீ சந்தேகப்பட்டாய் என்பதற்காக நான் அழவில்லை. "எவன்டி அவன்?" என்று கத்தியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டிருப்பேன். என்னை விட்டுக்கொடுக்க மனசில்லை என்று தெரிந்திருக்கும். நீ கேட்கக்கூட இல்லை. "நன்றாக இரு" என்று எழுதிவிட்டாய். அது நம் பொந்திலிருந்து பெரிய கம்பெனிக்குப் போகிற ஒவ்வொரு பாட்டுக்காரனுக்கும் நீ சொல்கிற வார்த்தை. வாசல்வரை வந்து, தோளில் தட்டி, நன்றாக இரு என்பாய். கீழே போய் அடுத்த குழுவுக்கு ஒயர் மாட்டுவாய். பக்கத்தில் நின்று எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! எனக்கும் அதுதானா? நானும் ஒரு பாட்டுக்காரிதானா உனக்கு?

கோட்டெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. என் துணிக்கு இனி அலமாரி வேண்டும். பொந்தின் சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டிவிடு. நல்ல கம்பளி, சத்தத்தைக் குடித்துவிடும். நகரத்தின் இதயத்துடிப்புகூட அடங்கிப்போகும். உன் மேல் ஏற வாங்கியது, உன் சுவர் மேலாவது ஏறட்டும்.

வா என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இனி எழுத மாட்டேன்.

யாரோ


ஜூன் 2

என் வீட்டுக்காரிக்கு,

பெட்டி வந்தபோது நான் தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். தையல்காரர்தான் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, எல்லாம் ஒரே ஆளுக்கு எடுத்த மாதிரி இருக்கு?" என்றார். என்னைத் திருப்பி நிறுத்தி முதுகை ஜாணால் அளந்தார். "உங்க அளவுண்ணே. வயிறு மட்டும்தான் கொஞ்சம் பிடிக்கும்." அப்புறம்தான் உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மேலே மெஷின் ஓடியதா நின்றதா, தெரியாது. முதல்முறையாக எனக்கு எதுவும் கேட்கவில்லை.

சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கறுப்பைப் போட்டுக்கொண்டேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வியர்த்து வழிகிறது, முக்காலி மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், நான் கழற்றவில்லை. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எந்தக் கோட்டு வாங்கிய வருஷம் என்ன சாக்குச் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பழுப்பு எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நீ பார்த்துவிட்டுச் சொல்.

யார் என்று நான் கேட்காதது பெருந்தன்மையால் இல்லையடி. பயம். கேட்டால் நீ ஒரு பெயரைச் சொல்லிவிடுவாய், அப்புறம் அது உண்மையாகிவிடும். என்னைவிட்டுப் போகிறவர்களைச் சிரித்த முகமாக வழியனுப்பியே பழகியவன் நான். யாரையும் போகாதே என்று சொல்லத் தெரியாது. இப்போது சொல்கிறேன். போகாதே. நீ எனக்குப் பாட்டுக்காரி இல்லை. நீ பாடாவிட்டாலும், தொண்டையே கட்டிப்போனாலும், எனக்கு நீ வேண்டும்.

பொந்துச் சாவியைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன். எந்த ஒயர் எதில் போகும் என்று காட்டினேன். தப்பாக மாட்டுவார், மாட்டட்டும். சலவைக்கடை அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "எப்ப திரும்பி வருவே?" என்றார். "தெரியலம்மா. அவ சொல்லணும்" என்றேன். "இப்பத்தான் ஒரு புருஷன் மாதிரி பேசுறே" என்று என் கோட்டைப் பார்த்தார். "இதைத் துவைக்கப் போட்டுறாதே, சுருங்கிடும். காத்துல மாட்டு, போதும்."

இந்த மாதக் கடைசியில் வருகிறேன். உன் கை ஓய்ந்திருந்தால் எழுத வேண்டாம். கதவைத் திறக்க மனமில்லையென்றால் அதுவும் உன் நியாயம், நான் தட்டிக்கொண்டிருக்க மாட்டேன். வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன். குளிர்காலம் வரும்வரை உட்கார வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, போட்டுக்கொள்ள என்னிடம் துணி இருக்கிறது.

உன்
வீட்டுக்காரன்